மனு எண் ஒன்று: முன்கதவு

கண்ணாடிக்காரர் அதுவரை யாரிடமும் மனு கொடுத்தவர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறார். மங்கலாகத் தெரிவதைப் பளிச்சென்று தெரிய வைப்பதோடு அவர் வேலை முடிந்தது. ஊர் விவகாரம் எதிலும் தலையிடுவதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு கதவைத் திறக்க எழுபத்து மூன்று நாள் அலைந்தார் என்றால், அது அவருடைய அக்காவுக்காக.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன் நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். கைகளிலும் பாதி வலு போய்விட்டது. போன வலுவெல்லாம் நாக்குக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்பது தம்பியின் கருத்து. அதை அவர் அக்கா எதிரில் சொன்னதில்லை.

அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தில் முன்கதவு ஒவ்வொன்றும் தீப்பிடித்தாலும் அசையாத கனம். அக்காவால் அதை இழுக்க முடியாது. அதனால் தம்பி ராத்திரி பகல் பாராமல் படித்து, சோற்றுப் பாத்திரம் அளவுக்கு ஒரு சின்னக் கணினியை வாங்கி, வீட்டு அலமாரியிலேயே வைத்து, விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை, முன்கதவு எல்லாவற்றையும் அதோடு இணைத்தார். அக்கா "திற" என்றால் கதவு திறக்கும். "மூடு" என்றால் மூடும். எந்தக் கம்பெனியின் தயவும் அதற்கு வேண்டாம். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும் என்பது அவர் கொள்கை.

தினமும் நாலு மணிக்கு, திருத்திய தாள்களை மடியில் வைத்துக்கொண்டு அக்கா கிளம்பிவிடுவார். இரண்டு தெரு தள்ளி அச்சகம். அங்கே முதலாளியோடு ஒற்று மிகுமா மிகாதா என்று ஒரு மணி நேரம் சண்டை. மீதி ஒரு மணி நேரம் எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்று தம்பி கேட்டதில்லை. ஆறு மணிக்கு முகம் மலர்ந்து திரும்பி வருவார். அவ்வளவு போதும்.

ஒரு திங்கட்கிழமை கதவின் மோட்டார் புகைந்தது. பழைய மாதிரி மோட்டார் இப்போது தயாரிப்பில் இல்லை என்று கடையில் புது மாதிரியைக் கொடுத்தார்கள். மாட்டிப் பார்த்தால், சின்னக் கணினி அதை "அறியாத கருவி" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. மென்பொருள் பழசு. அப்டேட் செய்தால் புது மோட்டாரை அடையாளம் தெரிந்துகொள்ளும். விஷயம் அவ்வளவுதான்.

"பத்து நிமிஷ வேலை அக்கா," என்றார் தம்பி.

அப்டேட் பொத்தானை அழுத்தினார். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றிக் களைத்து, "அப்டேட் தடுக்கப்பட்டது. காரணம்: தெரியவில்லை" என்று காட்டியது. காரணமே தெரியாமல் தடுக்கும் துணிச்சல் இந்தப் பெட்டிக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்தார். நல்ல மனுஷர்கள் செய்வது போலவே, முதலில் தன் மேல்தான் சந்தேகப்பட்டார். இடம் போதவில்லையோ என்று, எந்த விளக்கு எந்த நிமிஷம் எரிந்தது என்ற ஒரு வருஷக் குறிப்பை அழித்தார். கடிகாரம் தப்போ என்று நேரத்தைத் திருத்தினார். வயரை மாற்றினார். கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து நிறுவினார். பழைய மென்பொருள் தன் பழைய அறியாமையோடு திரும்பி வந்து உட்கார்ந்தது.

இப்படி வீட்டிலேயே கணினி வைத்துக் கதவு திறக்கிறவர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்று உண்டு. அங்கே கேட்டார். ஒருவர், அணைத்துப் போடுங்கள் என்றார். இன்னொருவர், கதவைக் கையால் திறப்பதே உடம்புக்கு நல்லது என்றார். மேலும் இருவர் வேறு எதற்காகவோ தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் ஒரு புண்ணியவான், உங்கள் போன் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று கேட்டார். பார்த்தால், இந்த வளாகத்துக்குக் குடிவந்த தேதி. பதினாலு மாதம் ஆகியிருந்தது. டிவியும் அதே தேதி. துணி துவைக்கும் இயந்திரமும் அதே. அந்த வீட்டில் தவறாமல் அப்டேட் ஆகிவந்தது தினசரி காலண்டர் ஒன்றுதான்.

வளாகம் முழுவதுக்கும் ஒரே இணைய இணைப்பு. ஆக, கோளாறு அங்கேதான். சரி, போனின் சிக்னலை வைத்து இறக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தார். தரைத்தளத்தில் தடித்த சுவர். குளியலறை ஜன்னலில் மட்டும் ஒரு கோடு சிக்னல் வரும். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் கணினியை வைத்து, முக்காலி போட்டு உட்கார்ந்து, போனை ஜன்னல் கம்பியில் ஒட்டிப் பிடித்தபடி மூன்று நாள் முயன்றார். நூற்றுக்குப் பதினாலு வரைக்கும் இறங்கியதுதான் அதிகபட்சம். பதினாலாவது சதவீதத்தில் ஜன்னலை அடைத்தாற்போல ஒரு லாரி வந்து நின்றது.

மறுநாள் கணினியைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோகக் கிளம்பினார். அங்கே இணையம் உண்டு. வாசலில் காவலாளி மறித்தார். மறித்தவருக்கே அது கூச்சமாக இருந்தது. பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். வெளியே போகும் ஒவ்வொரு கருவியின் பதிப்பு எண்ணையும் குறிக்க வேண்டுமாம்.

"போகும்போது நாலு, வரும்போது அஞ்சுன்னா உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு சார். விட்டா என் வேலை போயிடும். எனக்கு என்ன தெரியும், பெட்டி ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

யார் உத்தரவு என்று கேட்டதற்கு, தண்ணீர் மோட்டார் அறைக்கு அடுத்த அறையைக் கையால் காட்டினார். அந்தக் கதவில் "புதுப்பிப்புக் கட்டுப்பாட்டு வாரியம்" என்று பலகை தொங்கியது. காவலாளியின் பிழைப்புக்கு உலை வைக்க மனமில்லாமல், கண்ணாடிக்காரர் பையோடு அங்கே போனார்.

வாரியம் பிறந்த கதையை, கேட்காமலே செயலாளர் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன் ஒருநாள் லிப்டுக்கு அப்டேட் வந்தது. அதுவரை "முதல் மாடி" என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்த பெண் குரல் போய் ஓர் ஆண் குரல் வந்தது. லிப்டில் தனியாக இருந்த தலைவர், யாரோ தன் பின்னால் நிற்கிறார்கள் என்று பயந்து எல்லாப் பொத்தானையும் அழுத்தி, இருபது நிமிஷம் நடுவில் நின்றுவிட்டார். வெளியே வந்த கையோடு வாரியம் அமைத்தார். இணைய இணைப்பு வளாகத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு வடிகட்டியைப் பொருத்தினார்கள். அன்று முதல் ஓர் அப்டேட்கூட உள்ளே வந்ததில்லை. அந்தச் சொல்லுக்கே அறைக்குள் இடமில்லை. "புதுப்பிப்பு" என்றுதான் சொல்ல வேண்டும்.

தலைவர் மெத்தைக் கடை நடத்தி ஓய்ந்தவர். எதையும் அமுக்கிப் பார்த்துப் பேசும் பழக்கம் மட்டும் ஓயவில்லை.

"தம்பி, நாலு வருஷமா இந்த வளாகத்துல ஒரு புதுப்பிப்புக் கோளாறு கிடையாது. ஏன்னா, புதுப்பிப்பே கிடையாது," என்றார். "இதைப் பார்த்துக் கத்துக்கறதுக்கு வெளியிலேருந்து ஆளுங்க வர்றாங்க."

புதுப்பிக்காமல் விட்டதால் வரும் கோளாறு இருக்கிறதே என்று கண்ணாடிக்காரர் மெல்லக் கேட்டார்.

"அது எங்க வரம்புல வராது. அதுக்குத் தனியா ஒரு வாரியம் வேணும்னு நானே பல தடவை சொல்லியிருக்கேன்."

மனு கொடுக்கலாம், ஆனால் வாரியத்தின் செயலி வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். செயலியைத் திறந்தால், புதுப்பித்த பிறகே இயங்குவேன் என்றது. அதைச் சொன்னபோது செயலாளர் வருத்தப்படவில்லை, உற்சாகமானார். அதனால்தான் நாலு வருஷத்தில் ஒரு மனுவும் வரவில்லையா! மக்கள் அவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார்களாம். காகிதத்தில் பதினொரு பக்கப் படிவம் ஒன்றைத் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். "மனு எண்" என்ற கட்டத்தில் தன் கையாலேயே "1" என்று போட்டார். போட்டுவிட்டு அந்த ஒன்றைச் சற்று நேரம் ரசித்தார்.

மோட்டார் புகைந்த நாளிலிருந்து தினமும் நாலு மணிக்குக் கண்ணாடிக்காரர் கடையிலிருந்து ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டு ஓடினார். ஆறு மணிக்கு மறுபடி ஓடிவந்து திறந்தார். தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸ் பாதியில் நிற்கும். நாலு மணி ஆனால் உனக்குக் கால் தரையில் நிற்பதில்லையே என்று கடை முதலாளி ஒருநாள் சொன்னார். சொன்ன தோரணை அவ்வளவு சுகமாக இல்லை.

மனு கொடுத்த இரண்டாவது வாரம் வாரியம் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்தது. தலைவர், செயலாளர், தொழில்நுட்ப ஆலோசகர் என்று மூன்று பேர். ஆலோசகர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். வளாகத்தில் முதன்முதலில் தொடுதிரைப் போன் வாங்கியவர் அவர்தான் என்பதால் அந்தப் பதவி. அவர் பையிலிருந்து சமையலறைத் தராசை எடுத்து, சின்னக் கணினியை நிறுத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம். புதுப்பிப்புக்குப் பிறகு எடை கூடினால் கூடுதலுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று செயலாளர் எழுதிக்கொண்டார். பிறகு தலைவர், அந்தப் புதுப்பிப்பைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றார்.

இன்னும் உள்ளே வரவில்லையே, வந்தால்தானே காட்ட முடியும் என்றார் கண்ணாடிக்காரர்.

"பார்க்காத ஒண்ணை எப்படிப்பா உள்ள விடறது?"

"உள்ள விடாம எப்படி சார் பார்க்கறது?"

தலைவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தராசைப் பார்த்தார். இது கொள்கை சம்பந்தப்பட்ட கேள்வி, வாரியக் கூட்டத்தில்தான் முடிவெடுக்க முடியும் என்று எழுதினார்கள். மனு பரிசீலனையில் இருப்பதால் கணினியை யாரும் தொடக் கூடாது என்று அதன் மூடிக்குக் குறுக்கே ஒரு காகிதத்தை ஒட்டி, அதில் பாதியும் பெட்டியில் பாதியுமாக முத்திரை குத்தினார் செயலாளர். இதையெல்லாம் அறை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "முத்திரையில 'கட்டுப்பாட்டு'க்கு அப்புறம் எழுத்து ஒண்ணு உடைஞ்சிருக்கு," என்று மட்டும் சொன்னார். அது பரிசீலனைக்கு உட்பட்டது அல்ல என்றார் செயலாளர்.

அடுத்து, மேல் வீட்டார், பக்கத்து வீட்டார் ஆகியோரிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. மேல் வீட்டு அம்மா, அது கசிந்து மேலே ஏறிவிடாதே என்று கேட்டார். அவர் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் ஆறு மாதமாகக் கண்ணாடிக்காரர் வீட்டுக் கூரையில் கசிந்துகொண்டிருந்தது, அனுபவசாலியின் கேள்வி. மத்தியானம் வீட்டுக்காரர் தூங்குவார், அந்த நேரத்தில் புதுப்பிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர், நல்ல பொருள் என்றால் தனக்கும் ஒன்று சொல்லி வைக்கச் சொன்னார்.

முதல் விசாரணை முப்பத்தைந்தாம் நாள். புதுப்பிப்பில் என்னென்ன மாறுகிறது என்ற பட்டியலை அச்செடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். இருநூற்றுப் பதினாலு பக்கம். அதை வரிவரியாகச் செயலாளர் உரக்க வாசித்தார். ஒன்பதாம் பக்கத்தில் "சில சிறு பிழைகள் திருத்தப்பட்டன" என்ற வரி வந்ததும் தலைவர் கையை உயர்த்தினார். என்ன பிழை, செய்தது யார், அவர் மேல் நடவடிக்கை எடுத்தாயிற்றா என்று கேட்டார். கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் பிழையோடுதான் உங்கள் கதவு திறந்ததா என்றார். ஆமாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பிழை இருந்தும் திறந்தது என்றால் பிழையால் கெடுதல் இல்லை, பிறகு எதற்குத் திருத்த வேண்டும் என்று தலைவர் கேட்டதும் ஆலோசகர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

அதற்குள் ஐந்தாம் பதிப்பு போய் ஆறாம் பதிப்பு வந்துவிட்டது. இல்லாத பொருளுக்கு அனுமதி தர முடியாது என்று மனுவை முதலிலிருந்து தொடங்கினார்கள். மறுபடி ஆய்வு, மறுபடி தராசு. அதே முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம்.

இதெல்லாம் கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது, ஒரு புதன்கிழமை வரைக்கும். அன்று நாலு மணிக்கு மூச்சு வாங்க ஓடிவந்து கதவைத் திறந்தால், அக்கா வெளியே போகும் புடவையில் இல்லை. தாள்களை ஓர் உறையில் போட்டு மேஜை மேல் வைத்திருந்தார்.

"போற வழியில அச்சகத்துல கொடுத்துடுடா. எனக்காக ரெண்டு தடவை ஓடாத."

உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை என்றார் அக்கா. ஒருத்தன் கடையை விட்டு ஓடிவந்து திறந்தால்தான் வெளியே போக முடியும் என்றால், போகிற இடத்தில் மனசு ஒட்டவில்லை என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டுத் தாளை எடுத்துக்கொண்டார். தம்பி உறையை வாங்கிக்கொண்டு நடந்தார். அன்று ஓடவில்லை. அச்சக முதலாளி உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, அக்கா வரலையா என்று இரண்டு தடவை கேட்டார்.

அதற்குப் பிறகு நாலு வாரம் அக்கா வெளியே போகவில்லை.

எழுபத்து மூன்றாம் நாள் இறுதி விசாரணை. தம்பி கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து, அக்காவைத் தள்ளிக்கொண்டு கூட்ட அறைக்குப் போனார். மூன்று மணிக்குத் தொடக்கம். தலைவருக்கு வந்த தேநீரை அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் குடித்தார். பாதியில் யாரும் எழுந்துபோய்க் கூட்டம் கலைந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த அறைக்குத் தானியங்கிப் பூட்டு போட்டிருந்தார்கள். கூட்டம் தொடங்கியதும் பூட்டிக்கொள்ளும். தலைவர் தன் அட்டையைக் காட்டினால் திறக்கும். அது தலைவரின் சொந்த யோசனை.

ஒரு மணி நேரம் வாசித்து, மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்ற முடிவுக்கு அவர்கள் நெருங்கிக்கொண்டிருந்தபோது தலைவர் ஓர் ஐந்து நிமிஷம் இடைவேளை என்று எழுந்தார். அட்டையைக் காட்டினார். பூட்டு சிவப்பாக மினுங்கியது. திருப்பிக் காட்டினார். துடைத்துக் காட்டினார். சிவப்புத்தான்.

ஆலோசகர் போனில் எதையோ பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். பூட்டின் உரிமக் காலம் இன்று நாலு மணியோடு முடிந்துவிட்டது, புதுப்பித்தால்தான் திறக்கும் என்றார்.

"இது முன்னாடியே சொல்லாதா?"

"நாலு வருஷமா தினமும் காலையில சொல்லுது தலைவரே. புதுப்பி, புதுப்பின்னு. நாம அசையவே இல்ல," என்றார் ஆலோசகர். பழக்க தோஷத்தில் அதைப் பெருமையாகவே சொன்னார்.

அறைக்குக் கண்ணாடி ஜன்னல். குளிர்சாதனத்துக்காக அடைத்துவிட்ட ஜன்னல். மாற்றுச் சாவி வாரிய அலுவலகப் பெட்டகத்தில் இருந்தது. பெட்டகத்தைத் திறக்கும் அட்டை தலைவரிடம் இருந்தது. கதவின் அடி இடுக்கு காற்றுப் போகவும் வழியில்லாதது. சத்தம் கேட்டு வந்த காவலாளி, ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, கீல் வெளிப்பக்கம்தான் இருக்கிறது, ஒன்பது திருகு, கழற்றிவிடவா என்று சைகையோடு கேட்டார். செயலாளர் பதறிப்போனார். பொதுச் சொத்தில் மாற்றம் செய்ய எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும், படிவம் அலுவலகத்தில் இருக்கிறது என்று கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினார். காவலாளி தலையை ஆட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

வடிகட்டியை ஒரு நிமிஷம் திறந்தால் போதும், பூட்டு புதுப்பித்துக்கொள்ளும் என்றார் கண்ணாடிக்காரர். அதற்குத் தீர்மானம் வேண்டும். அவசரக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றார் செயலாளர். தலைவர் ஒரு காலை இன்னொரு காலின் மேல் போட்டுக்கொண்டார். பிறகு மாற்றிப் போட்டுக்கொண்டார். ஐந்து மணி ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. அக்கா மட்டும் மடியில் இருந்த தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இப்படி நிம்மதியா உட்கார்ந்திருக்கீங்க?" என்றார் தலைவர். அந்தக் குரலில் மெத்தை எதுவும் இல்லை.

"முதல் ஒரு வாரம்தான் கஷ்டம்," என்றார் அக்கா. "அப்புறம் பழகிடும்."

தலைவர் ஏழு நாள் முன்னறிவிப்பை அந்த இடத்திலேயே ரத்து செய்தார். வடிகட்டியை அந்தப் பூட்டுக்கு மட்டும் திறக்கும்படி ஆலோசகருக்கு உத்தரவிட்டார். ஆலோசகர் அசையவில்லை. ஒன்றுக்கு மட்டும் திறக்க முடியாதாம். திறந்தால் வளாகம் முழுவதுக்கும் திறக்கும். தனித்தனியாகத் திறக்கும் வசதி வடிகட்டியின் புதுப் பதிப்பில்தான் உண்டு. அந்தப் புதுப்பிப்பு நாலு வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. வடிகட்டி அதையும் வடிகட்டிக்கொண்டிருக்கிறது.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ எங்க மனுவை நீங்க ஏத்துக்கிட்டிருந்தா, எங்க வீட்டுக்கு மட்டும் எப்படித் திறந்திருப்பீங்க?"

ஆலோசகர் உண்மையாகவே யோசித்தார். "இதுவரைக்கும் எதையும் ஏத்துக்கிட்டதில்லம்மா. அதனால அந்தக் கேள்வி வரல."

கண்ணாடிக்காரருக்கு எழுபத்து மூன்று நாளும், பதினொரு பக்கமும், தராசும், மேல் வீட்டு அம்மாவின் நிபந்தனையும் வரிசையாகக் கண் முன்னால் வந்து போயின. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். சிரிப்புதான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தலைவருக்கும் வயிற்றைப் பிடிக்க வேண்டியிருந்தது, வேறு காரணத்துக்காக. "எல்லாருக்குமே திறய்யா," என்றார் அவர்.

ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டு தன் போனில் வடிகட்டியின் பொத்தானை அழுத்தினார்.

நூற்றுப் பன்னிரண்டு வீடு, நாலு வருஷ பாக்கி. ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மாடிகளிலிருந்து கிணுகிணுவென்று சத்தம் கேட்கத் தொடங்கியது. எல்லா போனும் ஒரே நேரத்தில் அணைந்து எரிந்தது. துவைத்துக்கொண்டிருந்த இயந்திரங்கள் நுரையோடு நின்று, வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி துவைத்தன. டிவிகள் தொடர் நாடகத்தின் உச்சக்கட்டத்தில் நீலமாகின. லிப்டு ஐந்து மாடியின் பெயரையும் இரண்டு குரலில் சொல்லிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரரின் நடமாடும் துடைப்பக் கருவி தானாகக் கிளம்பி மாடிப்படி வரைக்கும் போனதைப் பிற்பாடு பலர் சாட்சி சொன்னார்கள். இத்தனை பேரும் முண்டியடித்ததில் இணைய இணைப்பு மூச்சுத் திணறியது. கூட்ட அறைப் பூட்டு வரிசையின் வாலில் நின்றது. "ஒரு சதவீதம். மீதி நேரம்: நாலரை மணி" என்று ஆலோசகர் படித்துக் காட்டினார்.

தலைவர் ஜன்னலுக்குப் போய்க் காவலாளியைப் பார்த்து, திருகாணியைக் கழற்றுவது போல விரலைச் சுழற்றினார். படிவம் என்று செயலாளர் எதையோ ஆரம்பித்தார். தலைவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் முடியவில்லை.

காவலாளி மூன்றாவது திருகில் இருந்தபோது கண்ணாடிக்காரரின் போன் சிணுங்கியது. எழுபத்து மூன்று நாளாக நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டுக் கேட்டு அலுக்காத சின்னக் கணினி, வடிகட்டி திறந்ததும் வரிசையில் முதல் ஆளாகப் புகுந்திருந்தது. "புதிய கருவி கண்டறியப்பட்டது: முன்கதவு." அவர் போனை அக்காவின் முகத்தருகே நீட்டினார்.

அக்கா அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"திற," என்றார்.

திறந்தது என்று திரையில் வந்தது. "மூடு," என்றார். மூடியது. பூட்டிய அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, எங்கோ இருக்கும் தன் வீட்டுக் கதவை அவர் நாலைந்து தடவை திறந்து மூடினார். தலைவர் காலை மாற்றிப் போடுவதைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது திருகு கழன்றதும் தலைவர் வெளியேறினார். அவர் நடந்தார் என்றுதான் குறிப்பேட்டில் எழுதப்பட்டது.

மறுநாள் காலையில் வடிகட்டி வழக்கம் போல அடைக்கப்பட்டது. அனுமதியில்லாமல் நுழைந்த புதுப்பிப்புகளைக் கணக்கெடுக்க மூவரும் கண்ணாடிக்காரர் வீட்டுக்கும் வந்தார்கள். நிறுத்துப் பார்த்தார்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம். மூடியின் முத்திரை கிழியாமல் அப்படியே இருந்தது. முத்திரை கிழியாததால் புதுப்பிப்பு எதுவும் நிகழவில்லை என்றும், மனு எண் ஒன்று தொடர்ந்து பரிசீலனையில் இருக்கிறது என்றும் செயலாளர் எழுதினார். அவர் எழுதி முடித்ததும் அக்கா "திற" என்றார். கதவு திறந்தது. மூவரும் அதன் வழியாக வெளியே போனார்கள்.

அன்று நாலு மணிக்குக் கண்ணாடிக்காரர் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். கால் தரையில் நின்றது.

அடுத்த வாரம் வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட முடிவு செய்தது. நெருக்கடியை வாரியம் சமாளித்த விதம் குடியிருப்போர் எல்லாருக்கும் தெரிய வேண்டாமா? இரண்டு தெரு தள்ளி இருந்த அச்சகத்துக்குத்தான் கொடுத்தார்கள். முதலாளி அதை அக்காவிடம் நீட்டினார். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அக்கா பேனாவோடு உட்கார்ந்திருந்தார். தம்பி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பக்கம் முழுக்கச் சிவப்பு. ஒற்று, கால், கொம்பு என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. கடைசி வரியில் மட்டும் பேனா படவில்லை. "தலைவரின் அயர்ந்த உழைப்பால் வளாகம் காக்கப்பட்டது" என்று இருந்தது.

"அக்கா, அது 'அயராத' இல்ல?"

அக்கா அந்த வரியை நிதானமாக இன்னொரு தடவை படித்தார். பக்கத்தின் அடியில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உண்மைக்கு மாறா ஒண்ணும் இல்லையேடா," என்றார்.